38 ஆட்டம், 38 வெற்றி: சவுத் கரோலைனா பெண்கள் அணியைப் பற்றிப் பேசுவோமா?

வடக்குத்தெரு

2024 அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்து என்று யாராவது எடுத்தால் போதும், பேச்சு நேராக அயோவாவின் கேட்லின் கிளார்க்கில் போய் நிற்கிறது. நானும் கிளார்க் ரசிகன்தான். ஆனால் அந்த ஆண்டு கோப்பையைத் தூக்கியது அயோவா இல்லை. நவம்பரில் பாரிஸில் ஆரம்பித்து ஏப்ரலில் கிளீவ்லாந்தில் முடியும்வரை ஒரு ஆட்டம்கூடத் தோற்காமல் வந்தது பயிற்சியாளர் டான் ஸ்டேலியின் சவுத் கரோலைனா. அதைப் பற்றித் தமிழில் யாரும் உருப்படியாகப் பேசிப் பார்க்கவில்லை. அதனால்தான் இந்த இழை.

முந்தைய பருவத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டும். 2022–23இல் 36 ஆட்டம் வரிசையாக வென்று டல்லஸில் அரையிறுதிக்கு வந்தார்கள். அங்கே அயோவா 77–73 என்று கதையை முடித்துவிட்டது. கிளார்க் மட்டும் 41 புள்ளி. அதோடு தொடக்க ஐவரும் கிளம்பிவிட்டார்கள். அந்த அணியிலிருந்து ஐந்து பேரைப் பெண்கள் தொழில்முறை லீகான டபிள்யூ.என்.பி.ஏ. அணிகள் எடுத்துக்கொண்டன, அலியா பாஸ்டன் அதில் முதல் தேர்வு. வீட்டைக் காலி செய்துவிட்டுப் போன மாதிரி. அடுத்த பருவத்துக்கு முன் வந்த தரவரிசையில் இவர்களுக்கு 6ஆம் இடம் கொடுத்தார்கள். அதுவே தாராளம் என்று நினைத்தவர்கள் உண்டு.

முதல் ஆட்டம் பாரிஸில், நோட்ர டாமுக்கு எதிராக: 100–71. ஒரே வாரத்தில் முதலிடம். அப்புறம் அந்த இடத்தை விட்டு இறங்கவே இல்லை.

எனக்கு மறக்காத எண் ஒன்று உண்டு. இறுதியாட்டத்தில் சவுத் கரோலைனாவின் பெஞ்சிலிருந்து மாற்று ஆட்டக்காரர்களாக எழுந்து வந்தவர்கள் போட்டது 37 புள்ளி. அயோவாவின் பெஞ்ச் போட்டது சைபர். ஆட்டம் முடிந்தது 87–75.

இது ஸ்டேலியின் கைவண்ணமா, இல்லை நல்ல பிள்ளைகளைப் பொறுக்கிச் சேர்த்த பலனா? உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

ரீபவுண்ட்ராணி

கல்லூரியில் நான்கு வருடம் கூடைக்கு அடியில் நிற்கும் சென்டராக ஆடியவள் என்ற முறையில் சொல்கிறேன். உங்களுக்கு 37–0 என்றால் எனக்கு 51–29. இறுதியாட்டத்தின் ரீபவுண்ட் கணக்கு அது, கூடையில் விழாமல் திரும்பிய பந்தைப் பிடித்த கணக்கு. கமிலா கார்டோசோ ஒருவர் மட்டும் 17 எடுத்தார், 15 புள்ளியும் போட்டார், தொடரின் சிறந்த ஆட்டக்காரர் விருதும் அவருக்கே.

எறிந்த பந்து விழாவிட்டால் திரும்பவும் நம் கைக்கே வரும் என்ற தைரியம் இருந்தால், எறிகிறவள் கை நடுங்காது. இதை வெளியிலிருந்து பார்க்கிறவர்கள் கவனிப்பதில்லை. எங்கள் அணியில் ஷூட்டர் எப்போதும் என்னிடம்தான் முதலில் வந்து கை தட்டுவாள், பயிற்சியாளரிடம் அல்ல.

மணல்தரை

அக்கா, மன்னிக்கவும், அந்தக் கணக்கு நிற்காது. 2023 அரையிறுதியிலும் ரீபவுண்டில் சவுத் கரோலைனாதான் மேலே, 49–25. தோற்றார்களே! கூடைக்கு அடியில் அவர்களை யாரும் அசைக்க முடியவில்லை என்பது அன்றைக்கும் உண்மை. அயோவா என்ன செய்தது? உள்ளே கூட்டமாக நின்றுகொண்டு, "வெளியிலிருந்து போடுகிறாயா, போடு பார்க்கலாம்" என்று விட்டுவிட்டது. 20 முறை மூன்று புள்ளிக்கு எறிந்து 4தான் விழுந்தது.

என் பார்வையில் இதில் மாயம் ஒன்றும் இல்லை. ஒரு குறை இருந்தது, ஆள் கொண்டுவந்து அடைத்தார்கள். ஆரெகனிலிருந்து டி-ஹினா பாவ்பாவ் மாறி வந்தார். அந்தப் பருவத்தில் மூன்று புள்ளி எறிதலின் சதவீதத்தில் நாட்டிலேயே முதலிடம் அவருக்கு. 18,000 பேர் உட்காரும் அரங்கம், பெண்கள் ஆட்டத்துக்கு நாட்டிலேயே அதிகக் கூட்டம், பெரிய பெயருள்ள பயிற்சியாளர். இதெல்லாம் இருந்தால் யார்தான் வரமாட்டார்கள்?

ரீபவுண்ட்ராணி

49–25ஐ நான் மறந்தே போய்விட்டேன். சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் என் சென்டர் மனசு ஆறாது.

வடக்குத்தெரு

மணல்தரை தம்பி சொன்னதில் பாதி சரி. மறுபாதிக்கு வருகிறேன்.

அந்தக் கூட்டமும் பெயரும் வானத்திலிருந்து விழவில்லை. ஸ்டேலி 2008இல் டெம்பிள் பல்கலைக்கழகத்திலிருந்து வந்தபோது முதல் பருவம் 10 வெற்றி, 18 தோல்வி. வடக்கு ஃபிலடெல்ஃபியாவின் அரசுக் குடியிருப்பில் வளர்ந்து, பையன்களோடு ஆடிப் பழகிய பாயின்ட் கார்டு, அதாவது ஆட்டத்தை நடத்துகிறவர் அவர். ஆட்டக்காரராக மூன்று ஒலிம்பிக் தங்கம், பயிற்சியாளராக டோக்கியோவில் ஒன்று. அப்படிப்பட்டவரே முதல் கோப்பைக்கு 2017 வரை காத்திருந்தார். அடுத்தது 2022. ஆக 2024 மூன்றாவது. வரிசையாக எழுதினால் எளிதாகத் தெரிகிறது. நடுவில் 2020இல் 32–1 என்ற கணக்கோடு முதலிடத்தில் நிற்கும்போது கொரோனா வந்து போட்டித்தொடரையே மூடிவிட்டது. 2021 அரையிறுதியில் ஸ்டான்ஃபோர்டிடம் ஒரே ஒரு புள்ளியில் தோல்வி, கடைசி நொடியில் பாஸ்டன் போட்ட பந்து வளையத்தில் பட்டு வெளியே போனது.

இன்னொன்று. 38–0 என்று எழுதிப் பார்த்தால் ஏதோ எல்லாரையும் மிதித்துக்கொண்டு போன மாதிரி இருக்கிறது. அப்படி இல்லை. எத்தனை முறை கழுத்துவரை தண்ணீர் வந்தது தெரியுமா?

2024 மார்ச் 9, கிரீன்வில். எஸ்.இ.சி. மண்டலப் போட்டியின் அரையிறுதி, எதிரில் டென்னசி. இருபதுக்கும் மேல் முன்னிலை இருந்தது, அது கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து கடைசியில் டென்னசி 73–71 முன்னால். மீதி 1.1 விநாடி. மூன்று புள்ளி எறியத் தெரிந்த எல்லாரையும் டென்னசி மூடிவிட்டது. கார்டோசோவை மூடவில்லை. ஏன் மூட வேண்டும்? 6 அடி 7 அங்குலப் பெண், கூடைக்கு அடியிலேயே குடியிருப்பவர், கல்லூரிக்கு வந்த நாளிலிருந்து ஒரு மூன்று புள்ளிகூடப் போட்டதில்லை. பந்து அவரிடம் போனது. எறிந்தார். பலகையில் மோதி உள்ளே விழுந்தது. 74–73.

மணல்தரை

அதைத்தான் நானும் சொல்ல வந்தேன். பலகையில் பட்டு விழுந்த அந்தப் பந்து இல்லையென்றால் இந்த இழையே இல்லை. முழுக்க அதிர்ஷ்டம்!

வடக்குத்தெரு

அந்த ஒன்று அதிர்ஷ்டம்தான், சண்டைக்கு வரமாட்டேன். ஆனால் அன்றைக்குத் தோற்றிருந்தாலும் தேசியப் போட்டிக்குப் போயிருப்பார்கள், கோப்பையும் கிடைத்திருக்கலாம். போயிருப்பது 38–0இல் இருக்கும் அந்தச் சைபர் மட்டும்.

புதுசு

எனக்கு என்.பி.ஏ. கொஞ்சம் தெரியும், கல்லூரி ஆட்டம் சுத்தமாகத் தெரியாது. 38 எப்படி வந்தது? எல்லாருடனும் எல்லாரும் ஆடுவார்களா?

ரீபவுண்ட்ராணி

இல்லை. வழக்கமான பருவத்தில் 29. அதில் 16 தங்கள் மண்டலமான எஸ்.இ.சி.க்குள். பிறகு மண்டலக் கோப்பைக்கு 3. கடைசியாக 68 அணிகள் மோதும் தேசியப் போட்டி, அதில் ஒரு தோல்வி என்றால் மூட்டை கட்ட வேண்டியதுதான். அங்கே 6. கூட்டினால் 38.

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். அமெரிக்கக் கல்லூரி ஆண்கள் 20 நிமிடமாக இரண்டு பாதி ஆடுவார்கள். பெண்கள் 10 நிமிடமாக நான்கு கால்பகுதி. பந்தும் ஒரு அளவு சிறியது. மற்றபடி அதே வியர்வைதான்.

முழுப் பருவமும் தோற்காமல் கோப்பை வாங்குவது பெண்கள் முதல் பிரிவில் இதோடு பத்தாவது முறை. 1986இல் டெக்சஸ் ஆரம்பித்து வைத்தது. அந்தப் பத்தில் ஆறு கனெடிகட்டுடையது. டென்னசி, பெய்லர், சவுத் கரோலைனாவுக்குத் தலா ஒன்று.

நெல்லியடி_டொரண்டோ

வணக்கம் எல்லோருக்கும். வாசித்துக்கொண்டு வந்தேன், ஒருவரும் சவுத் கரோலைனாவின் ரேவன் ஜான்சனைப் பற்றிக் கதைக்கவில்லையே! என்னைப் பொறுத்தவரை இது அந்தப் பிள்ளையின் கதை.

2023 அரையிறுதியில் மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியே ரேவன் பந்தோடு நிற்கிறார். காக்க வேண்டிய கிளார்க் கிட்டப் போகவே இல்லை. "நீ எறிந்தால் எறி" என்பது மாதிரி கையை விசிறிவிட்டு உள்ளே நின்றார். அந்தத் துண்டுக் காணொளி உலகம் முழுக்கச் சுற்றியது. பகிடி பண்ணாத ஆள் இல்லை. ஆட்டத்தையே விட்டுவிடலாமா என்றுகூட யோசித்ததாக ரேவன் பிறகு சொன்னார். ஆனால் விடவில்லை. அந்த ஆட்டத்தைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தார், கோடை முழுக்க எறிந்து பழகினார்.

அடுத்த வருடம் ஆல்பனியில் இந்தியானாவோடு ஆட்டம். சவுத் கரோலைனா 22 புள்ளி முன்னுக்கு நின்று, அதை வாரிக் கொடுத்து, கடைசி நிமிடத்தில் வித்தியாசம் இரண்டே புள்ளி என்ற நிலை. அப்போது மூன்று புள்ளி போட்டு அணியைக் காப்பாற்றியது யார்? ரேவன். 79–75. ஒரு வருடம் முன்னம் யாரும் காக்கத் தேவையில்லை என்று விட்ட அதே கைதான்.

இறுதியாட்டத்தில் கிளார்க் முதல் கால்பகுதியிலேயே 18 புள்ளி போட்டுவிட்டார். பிறகு அவரைப் பிடித்துக்கொண்டு திரிந்ததில் பெரும் பங்கு ரேவனுக்கு. இரண்டாவது கால்பகுதி முடிகிற நேரத்தில் கிளார்க்கின் கையிலிருந்தே பந்தைப் பறித்து ஓடிப் போய்க் கூடையில் போட்டார். நான் வீட்டில் கத்திய கத்தலில் மேல்மாடிக்காரர் தரையைத் தட்டினார்.

இன்னொரு விஷயம். கார்டோசோவின் உயரத்தைப் பற்றி எல்லோரும் வியக்கிறார்கள். எங்கள் யாழ்ப்பாணத்துத் தர்ஜினி சிவலிங்கம் 6 அடி 10 அங்குலம்! வலைப்பந்தில் இலங்கை அணிக்காக ஆடி 2018இல் சிங்கப்பூரில் ஆசியக் கோப்பை எடுத்தவர். கார்டோசோவைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அவருடைய ஞாபகம்தான். பள்ளிக்கூடத்தில் எங்களுக்குக் கூடைப்பந்து இருந்திருந்தால் என்று ஒரு பெருமூச்சு.

ரீபவுண்ட்ராணி

நெல்லியடி, அருமை. ஒரு சின்னத் திருத்தம் என்று சொல்லமாட்டேன், சேர்க்கை என்று வைத்துக்கொள்ளுங்கள்: அந்த முதல் கால்பகுதியில் ஆட்டம் 10–0 என்றுதான் தொடங்கியது, அயோவா பக்கம். கால்பகுதி முடிவில் 27–20. ஸ்டேலி பதறவில்லை. ஒவ்வொருவராக உள்ளே அனுப்பிக்கொண்டே இருந்தார். டெஸா ஜான்சன் முதலாண்டு மாணவி, பெஞ்சிலிருந்து வந்து 19 புள்ளி. தன் அணியில் அன்றைக்கு அதிகம் போட்டது அந்தச் சின்னப் பெண்தான். இடைவேளைக்குள் 49–46 என்று தாண்டிவிட்டார்கள். அயோவாப் பெண்கள் ஓடி ஓடித் தேய்ந்துபோனது நாலாவது கால்பகுதியில் கண்ணுக்கே தெரிந்தது. ஐந்து பேர் ஓடுகிற ஓட்டத்தை ஒன்பது பேர் மாற்றி மாற்றி ஓடினால் யாருக்கு மூச்சு மிஞ்சும்?

கடலோரக்காற்று

எல்லாம் சரி, அந்தத் தள்ளுமுள்ளைப் பற்றி யாரும் பேசமாட்டேன் என்கிறீர்களே. மண்டல இறுதியில் எல்.எஸ்.யூ.வின் (லூசியானா மாநிலப் பல்கலைக்கழகம்) ஃபிளாஜே ஜான்சனைக் கார்டோசோ தரையில் தள்ளினார். ஃபிளாஜேயின் அண்ணன் தடுப்பைத் தாண்டி உள்ளே குதித்தார். இரண்டு பெஞ்சும் காலி. இதெல்லாம் வெற்றிப் பருவமா?

வடக்குத்தெரு

நடந்தது நடந்ததுதான், மறைக்க ஒன்றும் இல்லை. கார்டோசோ வெளியேற்றப்பட்டார், தேசியப் போட்டியின் முதல் ஆட்டத்தில் ஆட முடியாமல் போனது, பிறகு பொதுவில் மன்னிப்பும் கேட்டார். ஸ்டேலியும் அன்றைக்கே களத்தில் நின்று மன்னிப்புக் கேட்டார், 79–72 என்று ஜெயித்த பிறகு. கார்டோசோ செய்தது தப்பு என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் ஆண்கள் ஆட்டத்தில் வாரம் ஒரு முறை நடப்பதை யாரும் பருவத்தின் கணக்கில் எழுதுவதில்லை, அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

அவர் இல்லாத முதல் ஆட்டம் பிரெஸ்பிடீரியனோடு. 91–39. பிப்ரவரியில் பிரேசிலுக்காக ஒலிம்பிக் தகுதிச்சுற்று ஆடப் போனபோதும் இதேதான், கனெடிகட்டையே 83–65 என்று அனுப்பினார்கள். இந்த அணியில் ஒரு நாற்காலி காலியானால் அடுத்தவர் உட்கார நேரமே ஆகவில்லை.

மணல்தரை

அண்ணா, மனச்சாட்சியோடு ஒன்று ஒப்புக்கொள்ளுங்கள். இறுதியாட்டத்தைப் பார்த்தது சுமார் 1 கோடியே 89 லட்சம் பேர். அதே ஆண்டு ஆண்கள் இறுதிக்கு 1 கோடியே 48 லட்சம். வரலாற்றில் முதல் முறையாகப் பெண்கள் முந்தினார்கள். அந்தக் கூட்டம் சவுத் கரோலைனாவின் பெஞ்சைப் பார்க்க வந்ததா? கிளார்க்கைப் பார்க்க வந்தது.

வடக்குத்தெரு

ஒப்புக்கொள்கிறேன். ஸ்டேலியே ஒப்புக்கொண்டார். கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு, விளையாட்டைத் தூக்கி நிறுத்தியதற்காகக் கிளார்க்குக்கு மேடையிலேயே நன்றி சொன்னார்.

ஆனால் அந்தக் கூட்டம் வந்து பார்த்தபோது எதிரில் நிற்க ஒரு தகுதியான அணி இருந்ததே, அது முக்கியமில்லையா? மூன்று வருடம் முன்னால், 2021இல், இதே தேசியப் போட்டிக்குச் சான் அன்டோனியோ வந்த பெண்களுக்கு உடற்பயிற்சிக்கு என்று கொடுத்தது ஒரே ஒரு அடுக்கு டம்பெல். ஆண்களுக்கு ஒரு பெரிய கூடமே இருந்தது. ஆரெகனின் செடோனா பிரின்ஸ் அதைப் படம் பிடித்துப் போட்ட பிறகுதான் அமைப்பாளர்களுக்கு வெட்கம் வந்தது. "மார்ச் மேட்னஸ்" என்ற பெயரைப் பெண்கள் போட்டிக்குப் பயன்படுத்தியதே 2022இலிருந்துதான். போட்டியில் வெல்வதற்குப் பெண்கள் அணிகளுக்குப் பணம் பிரித்துக் கொடுக்கும் முறை வந்தது 2025இல். ஆண்களுக்குப் பல பத்தாண்டாக இருந்த முறை அது.

இருமகள்தாய்

இதைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. என் பெரியவள் எட்டாம் வகுப்பு, கூடைப்பந்து ஆடுகிறாள். பள்ளியில் பெண் பிள்ளைகளுக்கு மைதானம் மதியம் இரண்டரை மணி வெயிலில். நாலரைக்கு மேல் நிழல் விழுந்ததும் பையன்களுக்கு. கேட்டால் "பெண் பிள்ளைகள் சீக்கிரம் வீட்டுக்குப் போகட்டும் என்றுதான்" என்கிறார்கள். அக்கறையாம்.

ரீபவுண்ட்ராணி

தோழி, எங்கள் காலத்தில் இதற்கு ஒரு வழி செய்தோம். காலை ஐந்தரைக்கே போய்விடுவோம். காவலருக்கு ஒரு டீ. விடாதீர்கள்.

கடலோரக்காற்று

இந்தப் பெஞ்ச் புகழ் எல்லாம் கேட்க நன்றாக இருக்கிறது. பெஞ்சில் உட்கார்ந்திருந்தவரிடம் கேட்டீர்களா? மிலேசியா ஃபுல்வைலி இந்த அணியின் ஊரான கொலம்பியா நகரத்துப் பெண். பாரிஸ் ஆட்டத்தில் களத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை பந்தோடு ஓடி, முதுகுக்குப் பின்னால் மாற்றி, கூடையில் போட்டதைப் பார்த்து என்.பி.ஏ. ஜாம்பவான் மேஜிக் ஜான்சனே பாராட்டி எழுதினார். அப்படிப்பட்டவர் இரண்டு பருவமும் பெரும்பாலும் பெஞ்சிலிருந்துதான் இறங்கினார். 2025இல் எங்கே போனார்? எல்.எஸ்.யூ.வுக்கு!

வடக்குத்தெரு

நல்ல கேள்வி. இரண்டு நாளாக யோசித்துவிட்டு எழுதுகிறேன்.

ஆமாம், இதுதான் அந்த முறையின் விலை. ஒன்பது, பத்து பேரை ஆட வைத்தால் யாருக்கும் முழுச் சாப்பாடு கிடைக்காது. வெற்றி வருகிறவரை பந்தியில் எல்லாரும் சிரித்துக்கொண்டிருப்பார்கள். 2024 நவம்பரில் யூ.சி.எல்.ஏ. 77–62 என்று வென்று 43 ஆட்ட வெற்றித் தொடரை நிறுத்தியது. 2025 இறுதியாட்டத்தில் கனெடிகட் 82–59 என்று துவைத்து எடுத்தது. அதற்கடுத்த சில வாரங்களில்தான் ஃபுல்வைலி கிளம்பினார். இப்போது கல்லூரி மாறுவது எளிது, விளம்பரப் பணமும் கையில் வருகிறது. இருபது வயதில் எனக்கு அந்தத் திறமை இருந்திருந்தால் நானும் அதிக நிமிடம் கிடைக்கும் இடத்துக்குப் போயிருப்பேன். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அதனால்தான் அந்த 2023–24 அணி எனக்குப் பெரிதாகத் தெரிகிறது, தம்பி மணல்தரை. ஆள் சேர்க்கப் பலரால் முடியும். சேர்த்த ஆட்களை ஐந்து மாதம் ஒரே பந்தியில் உட்கார வைப்பதுதான் கஷ்டம். ஸ்டேலியால் அதை அந்த ஒரு முறை முழுமையாகச் செய்ய முடிந்தது. அடுத்த முறை அவராலேயே முடியவில்லை.

மணல்தரை

இது நியாயம். அதிர்ஷ்டம் என்று சொன்னதில் பாதியைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். அந்தப் பலகைப் பந்து மட்டும் என்னிடமே இருக்கட்டும்.

புதுசு

நேற்று ராத்திரி இறுதியாட்டத்தை முழுதாகப் போட்டுப் பார்த்தேன். முடிவு தெரிந்தும் அந்த 10–0இல் வயிறு கலங்கியது. நெல்லியடி சொன்ன பந்துப் பறிப்பை நாலு முறை ஓட்டிப் பார்த்தேன். என் பாட்டியும் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தார். அவருக்கு விதி எதுவும் தெரியாது, "அந்த நெட்டைப் பிள்ளைக்கு யாராவது தண்ணீர் கொடுங்களேன்" என்று மட்டும் இரண்டு முறை சொன்னார். இன்றைக்கு அவரோடு டென்னசி ஆட்டம் பார்க்கப் போகிறேன், கடைசி நொடியைச் சொல்லவில்லை. ஒரே சந்தேகம்: டெஸா ஜான்சன் எந்த எண் சட்டை?

ரீபவுண்ட்ராணி

5.